மாசாய் மாராவுக்கு நம்மவர்களை அழைத்துச் செல்லும் பயண ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

வணக்கம். தமிழ்நாட்டிலிருந்து கென்யாவுக்குச் சுற்றுலாக் குழுக்களை அழைத்துச் செல்லும் உங்கள் எல்லோருக்கும் பொதுவாக இம்மடலை எழுதுகிறேன். நைரோபி, நைவாஷா ஏரி, அம்போசெலி, இறுதியில் மாசாய் மாராவில் இரண்டு இரவுகள் என்று அமைந்த பயண நிரல்கள் பலவற்றைப் பார்த்திருக்கிறேன். சிங்கத்தின் படம், ஆற்றைக் கடக்கும் வில்டபீஸ்ட் என்னும் பெரிய மான்களின் கூட்டத்தின் படம், மாடு மேய்த்து வாழும் மாசாய் இனத்து இளைஞர்கள் சிவப்புப் போர்வை அணிந்து குதித்தாடும் படம் ஆகிய மூன்றும் அவற்றில் தவறாமல் இடம்பெறுகின்றன. அந்த இளைஞர்கள் யார், அவர்களுக்கும் சிங்கம் நிற்கும் அந்தப் புல்வெளிக்கும் என்ன உறவு என்பதைப் பற்றி ஒரு வரிகூட இருப்பதில்லை.

நான் உங்களிடம் கேட்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாராவில் தங்கும் இரவுகளை, மாசாய் குடும்பங்கள் தங்கள் பெயரில் பட்டா வைத்திருக்கும் நிலத்தில், அவர்களுக்குக் குத்தகை கொடுத்து நடத்தப்படும் சிறு முகாம்களுக்கு மாற்றுங்கள். அந்த நிலத்தின் உரிமையாளர்கள் மாசாய்கள் என்பதையும், தங்கப் போகிறவர்கள் அவர்களுடைய விருந்தினர்கள் என்பதையும் பணம் கட்டும் முன்பே பயணிகளுக்குச் சொல்லுங்கள். நபோய்ஷோ என்ற பகுதியில் அப்படியொரு முகாமில் தங்கிவந்த பிறகு, இதை உங்களிடம் கேட்டாக வேண்டும் என்ற எண்ணம் எனக்கு உறுதிப்பட்டது.

மாராவைப் பற்றிய அடிப்படைச் செய்திகளே நம்மிடையே தெளிவாகச் சொல்லப்படுவதில்லை. விளம்பரங்களில் தேசியப் பூங்கா என்று எழுதப்படும் மாசாய் மாரா, உண்மையில் நாரோக் மாவட்ட அரசின் பொறுப்பில் உள்ள, ஏறத்தாழ 1,510 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தேசியக் காப்பகம். 1961இல் சிறிய சரணாலயமாகத் தொடங்கி, 1974இல் இன்றைய தகுதியைப் பெற்றது. தெற்கே, தான்சானிய எல்லைக்கு அப்பால், அதைப்போல் ஏறக்குறைய பத்து மடங்கு பெரிய செரங்கெட்டி தேசியப் பூங்கா கிடக்கிறது. வடக்கிலும் கிழக்கிலும் காப்பகம் முடியும் இடத்தில் வேலி ஏதும் கிடையாது. அங்கிருந்தே மாசாய் நிலம் தொடங்கிவிடுகிறது. யானையும் சிங்கமும் வரிக்குதிரையும் அந்த எல்லையை அறியாமல் இரு பக்கமும் போய்வருகின்றன. கென்யாவின் காட்டுயிர்களில் பெரும்பகுதி அரசுக் காப்பகங்களுக்கு வெளியே, இத்தகைய மேய்ச்சல் நிலங்களில்தான் வாழ்கிறது. ஆகவே, காப்பகத்துக்குள் நீங்கள் காட்டும் விலங்குகள் அடுத்த தலைமுறைக்கும் இருக்குமா என்பது, காப்பகத்துக்கு வெளியே உள்ள நிலத்தில் மாசாய்கள் என்ன முடிவெடுக்கிறார்கள் என்பதைப் பெரிதும் பொறுத்தது.

அந்த முடிவு எப்படி அவர்கள் கைக்கு வந்தது என்பது சற்று விரிவாகச் சொல்லப்பட வேண்டியது. 1968இல் கென்யா இயற்றிய ஒரு சட்டத்தின்கீழ் மாசாய் நிலங்கள் குழுப் பண்ணைகளாகப் பதிவு செய்யப்பட்டன. ஒரு வட்டாரத்துக் குடும்பங்கள் அனைத்தும் ஒரே பட்டாவின்கீழ் நிலத்தை வைத்திருந்தன. மழை பெய்த பக்கம் பார்த்து மாடுகள் நகர்ந்தன. பிறகு அந்தப் பண்ணைகள் ஒவ்வொன்றாகத் தனிப்பட்டாக்களாகப் பிரிக்கப்பட்டன. மாராவை ஒட்டிய கொய்யாகி வட்டாரத்தில் பெரும்பாலும் ஆளுக்கு 150 ஏக்கர் அளவில் கிடைத்தது. காவிரிக்கரையில் 150 ஏக்கர் வைத்திருப்பவரைப் பெருநிலக்கிழார் என்போம். ஆனால் இந்த ஆண்டு இங்கே பெய்யும் மழை அடுத்த ஆண்டு முப்பது கிலோமீட்டர் தள்ளிப் பெய்யும் அந்தச் சவன்னாப் புல்வெளியில், 150 ஏக்கருக்குள் ஒரு மந்தையை அடைத்து வைத்துக் காப்பாற்ற முடியாது. பட்டா பெற்றவர் அதற்கு வேலி போடலாம், விற்றுவிடலாம், உழவுக்குக் கொடுக்கலாம். இம்மூன்றில் எது நடந்தாலும் காட்டுயிர்களுக்கு அங்கே வழி அடைபடும்.

நான்காவதாக ஒரு வழி உருவானது. அருகருகே நிலம் பெற்ற குடும்பங்கள் தங்கள் துண்டுகளைச் சேர்த்து, வேலி போடாமல் ஒரே வெளியாக விட்டு, முகாம் நடத்தும் நிறுவனங்களுக்குக் குத்தகைக்குக் கொடுத்தன. இப்படிச் சேர்ந்த நிலத்தைக் கன்சர்வன்சி என்று அங்கே அழைக்கிறார்கள். 2005இல் ஓல் கின்யேய், 2006இல் ஒலாரே ஒரோக், 2009இல் மாரா நார்த், 2010இல் நபோய்ஷோ என்று அவை அடுத்தடுத்துத் தோன்றின. 2013ஆம் ஆண்டின் காட்டுயிர்ச் சட்டம் கன்சர்வன்சிகளுக்குச் சட்ட ஏற்பும் அளித்தது. நபோய்ஷோ ஒன்றில் மட்டும் ஏறத்தாழ 50,000 ஏக்கர் நிலத்தை 500க்கும் மேற்பட்ட மாசாய் உரிமையாளர்கள் இணைத்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் கூட்டினால், இன்று காப்பகத்தின் பரப்புக்கு ஏறக்குறைய இணையான நிலம் இப்படிப் பாதுகாக்கப்படுகிறது. பயணிகள் நிறைந்திருந்தாலும் கூடாரங்கள் காலியாகக் கிடந்தாலும், ஏக்கருக்கு இவ்வளவு என்ற குத்தகை உரிமையாளரின் வங்கிக் கணக்குக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதே ஒப்பந்தத்தின் அடிப்படை. அதற்கு ஈடாக, அந்நிலத்துக்குள் குடியிருப்பதை விட்டு, மேய்ச்சலையும் பேசி முடித்த ஒழுங்குக்குள் வைத்துக்கொள்ள உரிமையாளர்கள் ஒப்புகிறார்கள்.

முகாம்கள் சிறியனவாக இருப்பதும் இந்த ஏற்பாட்டின் ஒரு பகுதியே. ஓல் கின்யேயில் 700 ஏக்கருக்கு ஒரு கூடாரம், ஒரு முகாமில் 12 கூடாரங்களுக்கு மேல் இல்லை என்ற வரையறையை வைத்தார்கள். மற்ற கன்சர்வன்சிகளிலும் இவ்வளவு ஏக்கருக்கு இத்தனை படுக்கை என்ற கணக்கு உண்டு. ஒரு சிங்கக் கூட்டத்தைச் சுற்றி ஐந்து வண்டிகளுக்கு மேல் நிற்கக் கூடாது என்ற விதி காப்பகத்துக்குள்ளும் எழுதப்பட்டிருக்கிறது. கன்சர்வன்சிக்குள் வண்டிகளே குறைவாக இருப்பதால் அதைக் கடைப்பிடிப்பது எளிதாகிறது. காப்பகத்தில் இசைவில்லாத நடைப்பயணமும் இரவு வண்டிப் பயணமும் இங்கே உண்டு என்பதை, உங்கள் தொழில் நோக்கிலும் நீங்கள் எண்ணிப் பார்க்கலாம்.

நான் தங்கிய முகாமில் பத்துக்கும் குறைவான கூடாரங்களே இருந்தன. எதற்கும் கான்கிரீட் அடித்தளம் இல்லை. முகாமை எடுத்துவிட்டால் இரண்டு மழைக்குள் புல் மூடிவிடும் வகையில் அமைத்திருந்தார்கள். விளக்குகள் சூரியத் தகடுகளால் எரிந்தன. குளிக்கும் நேரத்தை முன்பே சொல்லிவிட்டால், விறகடுப்பில் காய்ச்சிய வெந்நீரைக் கூடாரத்தின் பின்பக்கம் கொண்டுவந்து, கயிற்றில் தொங்கும் வாளியில் ஊற்றி மேலே ஏற்றுவார்கள். அந்த ஒரு வாளி நீர் ஒருவர் குளிக்கத் தாராளமாகப் போதும். நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருந்தாலும் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரம் என்பதால் இரவுக் குளிர் கடுமையாக இருந்தது. படுக்கைக்குள் வெந்நீர்ப் பை வைத்துவிட்டுப் போனார்கள். முதியவர்களை அழைத்துச் செல்லும் நீங்கள், ஆப்பிரிக்கா என்றாலே வெயில் என்று எண்ணி மெல்லிய உடைகளோடு வருகிறவர்களுக்கு இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

முகாமைச் சுற்றி வேலி இல்லை. இருட்டிய பின் கூடாரத்திலிருந்து உணவுக் கூடாரத்துக்கு ஐம்பது அடி நடப்பதானாலும், கைவிளக்கை அசைத்து, அஸ்காரி எனப்படும் காவலர் வரும்வரை காத்திருக்க வேண்டும். எங்கள் அஸ்காரி அண்டைக் குடியிருப்பைச் சேர்ந்த மாசாய். ஒரு கையில் ஈட்டியும் மறு கையில் விளக்குமாக முன்னே நடந்து, புதர்களின் மேல் ஒளியை ஓட்டி, திருப்பி மின்னும் கண்களின் உயரத்தையும் அசைவையும் கொண்டே அது மானா, கழுதைப்புலியா என்று சொல்லிவிடுவார். ஓரிரவு கூடாரத்துக்கு வெகு அருகில் யானை ஒன்று நெடுநேரம் கிளைகளை முறித்துத் தின்றுகொண்டிருந்தது. அதன் வயிற்றில் எழுந்த உறுமல்கூடத் துணிச்சுவரைத் தாண்டிக் கேட்டது. காப்பக வாயிலருகே உள்ள பெரிய விடுதியில் தங்குகிறவருக்கும் யானையைப் பார்க்கக் கிடைக்கும். ஆனால் அந்த விலங்கின் இரவு நடமாட்டத்துக்கு நடுவே, அதன் போக்கை அறிந்த ஒரு மனிதரின் பொறுப்பில் உறங்குவது முற்றிலும் வேறான அனுபவம். அந்த மனிதர் அதே மண்ணில் மாடு மேய்த்து வளர்ந்தவர் என்பதால்தான் அது கிடைக்கிறது.

காலையில் எங்களை நடத்திச் சென்ற வழிகாட்டி, 2005இல் அங்கே தொடங்கப்பட்ட கொய்யாகி வழிகாட்டிப் பள்ளியில் படித்தவர். மாசாய் இளைஞர்களுக்கும் பெண்களுக்கும் இந்தத் தொழிலைக் கற்றுக்கொடுப்பதற்காக உருவான பள்ளி அது. அவர் எங்களைச் சிங்கத்தைத் தேடி விரட்டவில்லை. விசில் முள் என்னும் வேல மரத்தின் உருண்டைக் கணுக்களை உடைத்து, உள்ளே குடியிருக்கும் எறும்புகள் ஒட்டகச்சிவிங்கியின் நாவிலிருந்து இலைகளைக் காப்பதைக் காட்டினார். எறும்பு இட்ட துளைகளில் காற்று புகும்போது மரம் சீழ்க்கை அடிப்பதை நின்று கேட்க வைத்தார். கற்பூர மணமுள்ள லெலெஷ்வா இலையைக் கசக்கி, மேய்ச்சலில் நடந்து வியர்க்கும் இளைஞர்கள் அதை அக்குளில் வைத்துக்கொள்வதைச் சொன்னார். பால் வைக்கும் சுரைக்குடுவையைக் காட்டு ஒலிவ மரத்தின் கொள்ளியால் புகையூட்டிச் சுத்தம் செய்யும் முறையைச் சொன்னார். பால் கெடாமல் இருப்பதற்கும் அதற்கொரு தனி மணம் வருவதற்கும் அதுவே காரணம். இவையெல்லாம் நூலில் படித்துச் சொல்லும் தகவல்களாக எனக்குத் தோன்றவில்லை. அவர் தம் வீட்டுப் புழக்கத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்று தாழ்நிலம் ஒன்றில் மணியோசையுடன் மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. காட்டுயிர் பார்க்க வந்த இடத்தில் மாடுகளா என்று எங்களுடன் வந்த ஒருவர் கேட்டார். உங்கள் பயணிகளும் கேட்கக்கூடிய கேள்விதான் என்பதால், வழிகாட்டி சொன்ன விளக்கத்தை இங்கே தருகிறேன். கன்சர்வன்சிக்குள் மாடுகள் கண்ட இடத்தில் மேய்வதில்லை. நிலத்தைப் பகுதிகளாக வகுத்து, புல் உயர்ந்து முற்றிய பகுதியில் மட்டும் குறிப்பிட்ட காலத்துக்கு விடுகிறார்கள். மாடுகள் மேய்ந்து குட்டையாக்கிய இடத்தில் மீண்டும் துளிர்க்கும் இளம்புல்லைத் தேடி தாம்சன் மான்களும் வில்டபீஸ்டுகளும் வருகின்றன. அவற்றின் பின்னே சிவிங்கிப்புலி வருகிறது. மாசாய்களின் மாடும் காட்டு விலங்கும் நூற்றாண்டுகளாக ஒரே புல்லை முறை வைத்துத் தின்றதால்தான் அந்த வெளி இன்றைக்கும் வெளியாக இருக்கிறது.

அதே மாடு அவர்களுக்கு என்ன பொருள் தரும் என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும். திருமணமும் கல்வியும் மருத்துவமும் மாட்டை வைத்தே நடக்கின்றன. உலகின் மாடுகளை எங்காய் என்னும் கடவுள் தங்களிடம் ஒப்படைத்தார் என்பது அவர்களுடைய நம்பிக்கை. அத்தகைய மாட்டைச் சிங்கம் இரவில் பட்டிக்குள் புகுந்து அடித்துவிட்டால் அந்தக் குடும்பத்தின் இழப்பு பெரிது. 2015 டிசம்பரில், மாடுகள் கொல்லப்பட்ட ஆத்திரத்தில் இறைச்சியில் நஞ்சிட்டதால், தொலைக்காட்சி வழியே உலகமெங்கும் அறியப்பட்ட சதுப்புச் சிங்கக் கூட்டத்தின் மூத்த பெண்சிங்கம் பீபி உட்படச் சில சிங்கங்கள் மாண்டன. சிங்கங்களுக்காக உலகம் அழுதது, அழுதது சரியே. அத்தனை இழப்புகளுக்குப் பிறகும் பெரும்பாலான குடும்பங்கள் நஞ்சைத் தொடாமல் சிங்கத்தோடு வாழ்கின்றன என்பதும் அதே அளவுக்குப் பேசப்பட வேண்டும். அவர்கள் பொறுமைக்கு ஈடாகக் கிடைக்கும் வருமானங்களில் ஒன்று, உங்கள் பயணி கட்டும் தங்கல் கட்டணத்திலிருந்து போகும் குத்தகை.

இந்த நிலம் அவர்கள் கையில் இருப்பதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு வரலாறு காரணம். 1904இல் பிரிட்டிஷ் நிர்வாகம் மாசாய்களோடு ஓர் உடன்படிக்கை செய்தது. அதன்படி ரிஃப்ட் பள்ளத்தாக்கின் நல்ல மேய்ச்சல் நிலங்களை அவர்கள் வெள்ளைக் குடியேறிகளுக்கு விட்டுக்கொடுத்து, வடக்கே லைக்கிப்பியாவிலும் தெற்கிலும் ஒதுக்கப்பட்ட நிலங்களுக்குப் போனார்கள். மாசாய் இனம் இருக்கும்வரை அந்நிலங்கள் அவர்களுடையவை என்று அதில் எழுதப்பட்டிருந்தது. ஏழே ஆண்டுகளில், 1911இல், மற்றோர் உடன்படிக்கையின் பேரில் லைக்கிப்பியாவிலிருந்தும் அவர்கள் தெற்கே விரட்டப்பட்டார்கள். மாசாய்கள் அதை எதிர்த்து நீதிமன்றம் போனார்கள். இரு அரசுகளுக்கிடையே ஆன உடன்படிக்கையை இந்த நீதிமன்றம் விசாரிக்க இயலாது என்று 1913இல் வழக்கு தள்ளுபடியானது. ஒரு மக்களை நிலம் பிடுங்குவதற்கு மட்டும் தனி அரசாக ஏற்றுக்கொண்ட அந்தத் தீர்ப்பைப் படிக்கும்போது எனக்குத் தாங்க முடியாத சினம் வந்தது.

காட்டுயிர்ப் பாதுகாப்பின் பெயராலும் அவர்கள் இடம்பெயர்க்கப்பட்டிருக்கிறார்கள். 1959இல் செரங்கெட்டியிலிருந்து வெளியேற்றப்பட்ட மாசாய்களுக்கு அதை அடுத்துள்ள ங்கோரோங்கோரோ பாதுகாப்புப் பகுதியில் வாழும் உரிமை உண்டு என்று சொல்லப்பட்டது. இப்போது ங்கோரோங்கோரோவிலிருந்தும் அவர்களைத் தொலைவில் உள்ள ம்சொமெராவுக்கு இடம்பெயர்க்கும் திட்டத்தைத் தான்சானிய அரசு 2022 முதல் நடத்திவருகிறது. அதே ஆண்டு ஜூன் மாதம், கென்ய எல்லையை ஒட்டிய லோலியொண்டோவில் 1,500 சதுர கிலோமீட்டர் மேய்ச்சல் நிலத்தைப் பிரித்து எல்லைக்கல் நட்டபோது ஏற்பட்ட மோதலில் பலர் காயமுற்றனர்; பலர் எல்லை தாண்டி நாரோக்குக்கு வந்தனர். இந்தப் பின்னணியில் பார்த்தால், எல்லைக்கு இந்தப் பக்கம் மாசாய் குடும்பங்கள் தங்கள் பெயரில் பட்டாவோடு, தாங்களே கையெழுத்திட்ட குத்தகையின்கீழ், சிங்கத்துக்கும் மாட்டுக்கும் இடம் விட்டு வாழ்வது எவ்வளவு அரியது என்பது விளங்கும். கென்யாவின் மேய்ச்சல் நிலங்களில் 1977க்கும் 2016க்கும் இடையே காட்டுயிர்களின் எண்ணிக்கை சராசரியாக 68 விழுக்காடு குறைந்திருப்பதாக வான்வழிக் கணக்கெடுப்புகளைக் கொண்டு ஆய்வாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். வடகிழக்கே உள்ள லோய்ட்டா சமவெளியிலிருந்து மாராவுக்கு வரும் வில்டபீஸ்ட் கூட்டம் வேலிகளால் வழி மறிக்கப்பட்டுச் சுருங்கிவிட்டது. குத்தகை நின்றுபோகும் நிலத்தில் வேலி வந்துவிடும் என்ற அச்சம் அங்கே எல்லோரிடமும் இருக்கிறது.

கன்சர்வன்சி ஏற்பாடு எல்லோருக்கும் நியாயம் செய்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. நிலப் பிரிவினையின்போது பட்டாக்கள் பெரும்பாலும் ஆண்களின் பெயருக்கே போயின. எனவே குத்தகையும் அவர்கள் கணக்குக்கே போகிறது. வீட்டைக் கட்டுகிறவர்களும், பால் கறக்கிறவர்களும், விறகும் தண்ணீரும் சுமக்கிறவர்களும் பெண்கள். பிரிவினையில் நிலமே கிடைக்காதவர்களுக்கு மேய்ச்சல் கட்டுப்பாடு மட்டும் உண்டு, வருமானம் இல்லை. 2020இல் பெருந்தொற்றால் பயணிகள் நின்றபோது பல இடங்களில் குத்தகைத் தொகை குறைக்கப்பட்டது. 2022இன் கடும் வறட்சியில் புல்லுக்காகக் கன்சர்வன்சிக்குள் மந்தையை ஓட்டிவரத் துடித்தவர்களுக்கும் ஒப்பந்தத்துக்கும் இடையே உரசல் இருந்தது. இக்குறைகளைத் தீர்ப்பது அவர்களுடைய சங்கங்களின் வேலை. குத்தகை இடையறாமல் வரும் என்ற உறுதியை நம்மைப் போன்றவர்கள் தந்தால், அந்தப் பேச்சுகளில் அவர்களுக்குச் சற்று நிதானம் கிடைக்கும்.

இனி உங்கள் நடைமுறைக்கு வருகிறேன். ஒரு மணி நேர மாசாய் கிராமப் பார்வை என்ற பகுதியை இப்போதுள்ள வடிவில் நிறுத்திவிடுங்கள். ஆளுக்கு இவ்வளவு என்று வண்டியிலேயே வசூலிக்கப்படும் பணத்தில் எவ்வளவு அந்தக் குடியிருப்புக்குப் போகிறது என்பதை நான் விசாரித்த எந்தப் பயணியும் அறிந்திருக்கவில்லை. பார்வை வேண்டுமானால், முகாமின் வழியாக முன்கூட்டிச் சொல்லி, குடியிருப்பின் பெரியவர்கள் முன்னிலையில் பணத்தை நேரடியாகக் கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள். பெண்கள் கோத்த பாசிமணிகளை அவர்களிடமே வாங்கச் சொல்லுங்கள். நபோய்ஷோவை அடுத்து இயங்கும் மா டிரஸ்ட் என்ற அமைப்பு பெண்களுக்கு உழைப்புக்கேற்ற ஊதியம் தந்து மணிவேலை செய்விக்கிறது, அங்கே குழுவை நிறுத்தலாம். ஒருவர் வீட்டுக்குள் நுழைந்து, கேட்காமல் குழந்தையைத் தூக்கிப் படமெடுக்கும் பழக்கத்தை நம் ஊரில் யாரும் பொறுக்க மாட்டார்கள். அங்கேயும் அது கூடாது என்பதை வண்டி கிளம்பும் முன்பே நீங்கள் சொல்ல வேண்டும்.

ஆற்றுக் கடப்பைக் காட்டுவோம் என்று உறுதியளிப்பதை விட்டுவிடுங்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வில்டபீஸ்டுகள் மழையையும் புல்லையும் பார்த்து நகர்கின்றன. அவை மாரா ஆற்றில் எப்போது இறங்கும் என்பதை யாராலும் சொல்ல முடியாது. உறுதி கொடுத்துவிட்டு, அதைக் காட்டியாக வேண்டும் என்ற நெருக்கடியை ஓட்டுநர் மேல் ஏற்றும்போது, அவர் கரையோரத்தில் மற்ற வண்டிகளை முந்துகிறார், இறங்கும் துறையை மறிக்கிறார், மிரண்ட விலங்குகள் முதலைகள் காத்திருக்கும் செங்குத்தான கரைகளில் குதிக்கின்றன. தண்டமும் தடையும் ஓட்டுநருக்கு. அதற்குக் காரணமான வாக்குறுதி உங்கள் விளம்பரத்தில் இருக்கிறது. அன்பளிப்புப் பணத்தையும் பார்த்த விலங்குகளின் எண்ணிக்கையோடு இணைக்க வேண்டாம் என்று குழுவினரிடம் சொல்லுங்கள்.

பெரிய விடுதிகளை விட்டு வராததற்கு நீங்கள் சொல்லும் இரண்டு காரணங்கள் உணவும் கட்டணமும். உணவு தடையாகாது. ரயில் பாதை போட இந்தியத் தொழிலாளர்கள் வந்த 1890களிலிருந்தே இந்தியச் சமையல் கென்யாவில் வேரூன்றத் தொடங்கியது. சப்பாத்தியும் பாலில் கொதிக்கவைத்த தேநீரும் இன்று அந்நாட்டு வீடுகளின் அன்றாட உணவு. சைவ உணவுக்காரர் எத்தனை பேர், வெங்காயம் பூண்டு சேர்க்காதவர் எத்தனை பேர் என்று முன்பே எழுதிவிட்டால், சிறு முகாமின் சமையலறை அதற்கேற்பச் சமைத்துத் தரும். எங்களுக்குப் பயறும், சுகுமா விக்கி என்ற கீரைப் பொரியலும், உகாலி என்ற மக்காச்சோளக் களியும் வயிறாரக் கிடைத்தன. தனியாகச் சமையற்காரரையும் மூட்டை மூட்டையாகப் பொருள்களையும் கொண்டுபோக வேண்டியதில்லை. பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் புட்டிகளுக்குக் கென்யாவின் காப்பகங்களில் 2020 ஜூன் முதல் தடை இருப்பதால், தண்ணீர்ப் பெட்டிகளைச் சுமந்து செல்வதும் கூடாது.

கட்டணம் உண்மையான தடை. சிறு முகாமில் ஓர் இரவுக்கு ஒருவருக்குப் பல நூறு டாலர் ஆகும், எல்லோராலும் முடியாது. ஆனால் இன்றைய நிரலிலேயே சேமிக்க இடம் இருக்கிறது. நாரோக் மாவட்டம் 2024 முதல் வெளிநாட்டவருக்கான காப்பக நுழைவுக் கட்டணத்தை ஜனவரி முதல் ஜூன் வரை நாளொன்றுக்கு 100 டாலர் என்றும், ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர் என்றும் வைத்திருக்கிறது. பிப்ரவரியிலோ ஜூனிலோ குழுவை அழைத்துச் சென்றால் நுழைவுக் கட்டணம் பாதியாகிறது, முகாம்களும் விலையைக் குறைக்கின்றன. கன்சர்வன்சிக்குள்ளேயே தங்கிச் சுற்றினால், காப்பகத்துக்கு ஒரே நாள் போய்வந்தால் போதும். சிங்கமும் யானையும் ஒட்டகச்சிவிங்கியும் கன்சர்வன்சியிலும் ஆண்டு முழுவதும் வாழ்கின்றன. ஐந்தாறு இடங்களுக்கு இரவு பகலாக வேனில் ஓடும் நிரலில் இரண்டு இடங்களைக் குறைத்தால், அந்தத் தொகை ஒரு சிறு முகாமில் இரண்டு இரவுகளுக்குப் பெரும்பாலும் ஈடுகொடுக்கும். முழங்கால் வலியோடு வரும் பெரியவர்கள் உங்களை வாழ்த்துவார்கள். ஐம்பது பேர் கொண்ட குழுக்களை மட்டும் இந்த முகாம்கள் ஏற்க இயலாது. வண்டிக்கு ஆறு பேராக, இரண்டு வண்டிக்கு மேற்படாத குழுக்களாகப் பிரித்து அனுப்ப வேண்டியிருக்கும். அது உங்களுக்குக் கூடுதல் வேலைதான் என்பதை அறிவேன்.

அடுத்த பருவத்துக்கான நிரல்களை நீங்கள் அச்சிடும் முன், மாரா என்ற தலைப்பின்கீழ் மூன்று விவரங்களைச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்: தங்கும் முகாம் எந்தக் கன்சர்வன்சியில் இருக்கிறது, அந்த நிலம் எந்த மாசாய் வட்டாரத்தாருக்கு உரியது, கட்டணத்தில் எவ்வளவு தொகை கன்சர்வன்சிக்குப் போகிறது. முகாம்களிடம் கேட்டால் இவற்றுக்கு எழுத்தில் பதில் தருவார்கள். தர மறுக்கும் முகாமைத் தேர்ந்தெடுக்காதீர்கள். இவ்விவரங்களை வெளியிடும் நிறுவனங்களின் பெயர்களை என் நண்பர்களிடமும் உறவினர்களிடமும் சொல்லவும், அவர்களைக் கேள்வி கேட்டுப் பயணம் பதியச் சொல்லவும் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
நபோய்ஷோவில் தங்கிவந்த ஒரு பயணி